'அது உங்க விருப்பம்' என்று சொல்லி அனுப்பும் குழந்தை மருத்துவர்களுக்கு

போன வாரம் இரவு பத்தரை மணிக்கு ஒரு போன் வந்தது. என் மகன் போகும் அதே பேச்சுப் பயிற்சி மையத்துக்குத் தன் பெண்ணை அழைத்து வரும் ஒரு தாய். குழந்தைக்கு மூன்று வயது. ஆட்டிசம் என்று உறுதியாகி நான்கு மாதம்தான் ஆகிறது. "உடம்புல உலோகம் சேர்ந்திருக்காம். ட்ரிப்ஸ் ஏத்தி எடுத்துடலாம்னு சொல்றாங்க. கீலேஷன்னு பேரு. இருபது தடவை ஏத்தணுமாம். நீங்க உங்க பையனுக்குச் செஞ்சீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார். உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். "அதுக்கு ஆதாரம் இல்லம்மா. ஆனா அது உங்க விருப்பம்" என்று சொல்லிவிட்டு, அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டாராம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது. மருத்துவர் வேறு, சொற்கள் கிட்டத்தட்ட அதே. அதனால்தான் இந்த மடல்.

கீலேஷன் செய்பவர்களுக்கு நான் எழுதவில்லை. அவர்களிடம் பேசிப் பார்த்தாகிவிட்டது. உங்களுக்கு எழுதுகிறேன். குழந்தைக்கு ஆட்டிசம் என்று எங்களிடம் முதலில் சொல்பவர்கள் நீங்கள். கீலேஷனால் ஆட்டிசத்துக்குப் பலன் இல்லை, ஆபத்து உண்டு என்று தெரிந்தவர்களும் நீங்கள். தெரிந்திருந்தும் அரை வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறீர்கள். அந்த அரை வாக்கியத்துக்கும் நாங்கள் எடுக்கும் முடிவுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் அப்போது நாங்கள் உங்கள் அறையில் இருப்பதில்லை.

என் மகனுக்கு ஆட்டிசம் என்று சொல்லப்பட்ட நாளில் மருத்துவர் எங்களோடு பேசியது பதினொரு நிமிடம். சுவரில் கடிகாரம் இருந்தது, என் கண் அதிலேயே இருந்தது, அதனால் சரியாகச் சொல்ல முடிகிறது. அவர் கெட்டவர் இல்லை. மகனைப் பார்த்துச் சிரித்தார். பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி) என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஏன் வந்தது என்று கேட்டேன். "காரணம் இதுதான்னு சொல்ல முடியாதும்மா, மரபணு நிறைய சம்பந்தப்பட்டது" என்றார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறு இல்லை. ஆனால் அந்த ஆறு மாதமும் நாங்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

இரண்டாவது மாதத்தில் கீலேஷன் செய்யும் இன்னொரு மருத்துவரிடம் போனோம். அவரும் எம்.பி.பி.எஸ். படித்தவர்தான், பெயர்ப்பலகையில் 'முழுமை மருத்துவம்' என்று இருந்தது. அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். மேசையை விட்டு எழுந்து வந்து என் மகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவன் கையில் எப்போதும் இருக்கும் சாவிக்கொத்தைப் பார்த்து, "வாயில வைப்பானா?" என்று கேட்டார். வைப்பான். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவன், நாள் முழுக்க அதைச் சப்பிக்கொண்டுதான் இருந்தான். பித்தளைச் சாவியில் கொஞ்சம் ஈயம் கலந்திருக்கும். அதைச் சொன்னது அவர்தான். உங்களில் யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இதை நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். அவர் கேட்ட அந்த ஒரு சரியான கேள்விதான் அவர் பின்னால் சொன்ன எல்லாவற்றையும் எங்களை நம்ப வைத்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். பல்லில் வெள்ளி அடைப்பு இருக்கிறதா, அதில் பாதி பாதரசம். கர்ப்பமாக இருக்கும்போது மீன் சாப்பிட்டீர்களா. தடுப்பூசி எல்லாம் கரெக்டாகப் போட்டீர்களா. மூன்றுக்கும் ஆமாம் என்றேன். ஒவ்வொரு ஆமாமுக்கும் அவர் தாளில் ஒரு டிக் போட்டார். 'உன்னால்தான்' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அன்று வரை பெயர் இல்லாமல் நெஞ்சில் கிடந்த குற்ற உணர்ச்சிக்கு அவர் பாதரசம் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த கையோடு பரிகாரமும் சொன்னார். உள்ளே போனதை வெளியே எடுத்துவிடலாம். நீங்கள் அதுவரை எனக்குத் தராதது இதுதான், நான் செய்வதற்கு ஒரு வேலை.

உலோகம் பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு முதல் நாள் இரவு ஒரு மாத்திரை. டி.எம்.எஸ்.ஏ., அதாவது சக்சிமர் என்ற கீலேஷன் மருந்து. கேப்ஸ்யூலைப் பிரித்தால் அழுகிய முட்டை வாடை. அதைப் பழச்சாற்றில் கலந்து, அவனுடைய நீல நிற டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். காலையிலிருந்து ஆறு மணி நேரம் சிறுநீர் பிடிக்க வேண்டும். நான்கு வயது, இன்னும் டாய்லெட் பழக்கம் வரவில்லை. கைக்குழந்தைகளுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் பையை ஒட்டினோம். முதல் பையைப் பிய்த்து எறிந்தான். இரண்டாவதையும். மூன்றாவதை ஒட்டியபோது தோல் சிவந்திருந்தது. என் கணவர் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வாயில் சாவிக்கொத்தைக் கவ்விக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிச் சத்தம் காட்டினார். சிரிப்பாகத்தான் இருக்கும், இப்போது நினைத்தால். அன்று நான் சமையலறையில் போய் நின்றுகொண்டு அழுதேன்.

மூன்று வாரம் கழித்து வண்ணத்தில் ரிப்போர்ட் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள். ஈயத்தின் கோடு சிவப்புக்குள் நீண்டிருந்தது. பாதரசத்தின் கோடு மஞ்சளின் விளிம்பில். இப்படி ஒரு தாளை ஒரு அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, 'அது உங்க விருப்பம்' என்று சொன்னால், அவர் எதை விரும்புவார் என்று நினைக்கிறீர்கள்?

அப்போதுதான் உங்களிடம் ஓடி வந்தேன். ரிப்போர்ட்டை நீட்டினேன். நீங்கள் அதை வாங்கிப் பார்க்கவில்லை. மேசைக்குக் குறுக்கே என் கையிலேயே அது இருந்தது. "இதெல்லாம் நாங்க ஒத்துக்கறதில்ல. ஆதாரம் கிடையாது. செய்றதும் செய்யாததும் உங்க விருப்பம்" என்றீர்கள். நீங்கள் என்பது உங்களில் ஒருவர். ஆனால் பிறகு எத்தனையோ பெற்றோரிடம் பேசிவிட்டேன். அந்த ஒருவர் மட்டும் இல்லை என்று தெரிகிறது.

அந்த ரிப்போர்ட்டை ஒரு நிமிடம் வாங்கிப் பார்த்திருந்தால் போதும். அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'மேலே உள்ள இயல்பு அளவுகள் மருந்து கொடுக்காமல் எடுத்த சிறுநீருக்கானவை.' அதை எனக்குப் படித்துக் காட்டியது என் நாத்தனார். அவள் ஒரு மருத்துவமனையின் லேபில் வேலை பார்க்கிறாள். "அண்ணி, கிணத்த நல்லா கலக்கிவிட்டுட்டு ஒரு வாளி தண்ணி எடுக்கறாங்க. கலக்காத கிணத்துத் தண்ணியோட அத வெச்சுப் பாக்கறாங்க. கலங்கலா இருக்குன்னு சொல்றாங்க. கலக்கினா எந்தக் கிணறும் கலங்கத்தான் செய்யும்" என்றாள். உலோகத்தைப் பிடித்து இழுத்து வருவதுதான் சக்சிமரின் வேலை. அதைக் கொடுத்தால் என் சிறுநீரிலும் உங்கள் சிறுநீரிலும் ஈயமும் பாதரசமும் கூடத்தான் வரும். மருந்து கொடுத்து எடுக்கும் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனை செல்லாது என்று நஞ்சு பற்றிய மருத்துவத்தில் தேர்ந்த அமெரிக்க மருத்துவர்களின் சங்கம் 2009-லேயே அறிக்கை விட்டிருக்கிறது. இதை நீங்கள் எனக்குச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

நாத்தனார் சொன்னது எங்களுக்குத் தெரியவந்தது, நாங்கள் இரண்டு சுற்று மருந்து கொடுத்து முடித்த பிறகு. ஆமாம், கொடுத்தோம். மறைக்கப் போவதில்லை. மூன்று நாள் மருந்து, பதினொரு நாள் இடைவெளி, மறுபடி மூன்று நாள். மருந்து தொடங்கும் முன் ரத்த அணுக்களையோ கல்லீரலையோ யாரும் சோதிக்கவில்லை. சக்சிமர் வெள்ளை அணுக்களைக் குறைக்கலாம், கல்லீரல் நொதிகளை ஏற்றலாம், அதனால் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும் என்று அந்த மருந்தின் தாளிலேயே இருக்கிறது. இது நான் பின்னால் படித்தது.

இரண்டாவது சுற்றில் அவன் முதுகெல்லாம் தடித்தது. அதே சுற்றில்தான் அவன் "தண்ணி" என்று சொன்னான். தெளிவாக, இரண்டு முறை. நான்கு ஆண்டுகளில் முதல் வார்த்தை. என் கணவர் போனை எடுத்து எல்லோருக்கும் சொன்னார். அந்த மருத்துவருக்கும் சொன்னார். "பாத்தீங்களா, வெளிய வர ஆரம்பிச்சிடுச்சு" என்றார் அவர். அடுத்த ஆறு சுற்றுக்கான மருந்தை அன்றைக்கே வாங்கி வைத்தோம்.

பேச்சுப் பயிற்சி தருபவர் ஒரு நோட்டு வைத்திருந்தார், தேதி போட்டு. அதைப் புரட்டிக் காட்டினார். மருந்துக்கு ஐந்து வாரம் முன்பே 'த' என்ற ஒலி வந்திருக்கிறது. மூன்று வாரம் முன்பு 'தத்த'. மருந்து தொடங்குவதற்கு நான்கு நாள் முன்பு, தண்ணீர்ப் படத்தைக் காட்டினால் 'தன்'. "வந்துட்டு இருந்துச்சும்மா, நீங்க பாக்கல" என்றார். அப்புறம்தான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. அவன் எப்போது தண்ணி என்றான்? நான் அந்த நாற்றம் பிடித்த பழச்சாற்றை நீல டம்ளரில் நீட்டியபோது. அது வேண்டாம், தண்ணீர் கொடு என்று கேட்டிருக்கிறான். அதைத்தான் நாங்கள் மருந்தின் வெற்றி என்று கொண்டாடியிருக்கிறோம்.

அந்த நீல டம்ளரை அவன் அதன் பிறகு தொடவில்லை. இன்று எட்டு வயது. எதைக் குடிக்கக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்க்கிறான், நான் கொடுத்தாலும்.

மிச்ச மருந்தைக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சாதாரண ரத்தப் பரிசோதனை, மருந்து எதுவும் கொடுக்காமல், நாத்தனார் சொல்லி எடுத்தோம். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 1.8 மைக்ரோகிராம் ஈயம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு இன்னும் கவனமாகப் பாருங்கள் என்று சொல்லத் தொடங்கும் அளவே 3.5. சக்சிமருக்கு 1991-ல் அங்கே அனுமதி கிடைத்தது 45-க்கு மேல் போன குழந்தைகளுக்காக. என் மகனின் 1.8-க்கும் அந்த 45-க்கும் நடுவில் நாங்கள் இரண்டு சுற்று மருந்தை ஊற்றியிருக்கிறோம்.

அதன் பிறகு பல ராத்திரிகள் உட்கார்ந்து படித்தேன். நான் கணக்கு வாத்தியார், மருத்துவம் படித்தவள் இல்லை. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். படிக்கப் படிக்க என் மேல் இருந்த கோபம் மெல்ல உங்கள் பக்கம் திரும்பியது. ஏனென்றால் இதெல்லாம் ரகசியம் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ரத்தத்தில் உண்மையிலேயே ஈயம் இருந்த 780 சிறு குழந்தைகளைச் சேர்த்து, பாதிப் பேருக்குச் சக்சிமர், பாதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2001-ல் வெளிவந்தது. சக்சிமர் ரத்தத்தில் ஈயத்தைக் குறைத்தது. ஆனால் மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது அறிவுத்திறனிலோ நடத்தையிலோ இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஏழு வயதில் மறுபடி பார்த்தபோதும் இல்லை. அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் 20 முதல் 44 வரை ஈயம் இருந்தது. நிஜமாகவே ஈயம் ஏறிய குழந்தைகளுக்கே மூளை விஷயத்தில் உதவாத மருந்து, ஈயமே ஏறாத என் மகனுக்கு என்ன செய்துவிடும்? இந்த ஒரு ஆய்வை யாராவது எனக்குக் கதை மாதிரி சொல்லியிருந்தால் நான் அந்தக் கேப்ஸ்யூலைப் பிரித்திருக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

எலிகளை வைத்து 2007-ல் செய்த ஆய்வு இன்னும் பயங்கரம். ஈயம் ஏறிய எலிக்குட்டிகளுக்குச் சக்சிமர் கொஞ்சம் உதவியது. ஈயமே இல்லாத எலிக்குட்டிகளுக்கு அதே மருந்து, கற்றலிலும் உணர்ச்சிக் கட்டுப்பாட்டிலும் நீடித்த பாதிப்பை உண்டாக்கியது. ஆட்டிசக் குழந்தைகளுக்குச் சக்சிமர் கொடுத்துச் சோதிக்கத் திட்டமிட்டிருந்த அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம், 2008-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஒரு பெரிய நிறுவனம் ஆராய்ச்சிக்காகக்கூடக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தயங்கிய மருந்தை நான் பழச்சாற்றில் கலந்து கொடுத்தேன். என்னைத் தடுக்க உங்களிடம் இருந்தது 'ஆதாரம் இல்லை' என்ற இரண்டு சொல்.

உங்கள் காதில் 'ஆதாரம் இல்லை' என்பது எப்படி விழுகிறதோ தெரியாது. எங்கள் காதில் அது 'இன்னும் நிரூபிக்கப்படவில்லை, ஒருவேளை உங்கள் பிள்ளைக்குக் கேட்கலாம்' என்று விழுகிறது. கதவு சாத்தவில்லை, ஒருக்களித்திருக்கிறது. பலன் இல்லை, தீங்கு உண்டு, செய்யாதீர்கள் என்பது வேறு பேச்சு. மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் எழுதும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-ல் ஆட்டிசக் குழந்தைகளுக்கான தன் வழிகாட்டுதலில் கீலேஷனைப் பயன்படுத்தாதீர்கள் என்றுதான் எழுதியது. 2015-ல், நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, கையில் தேறிய ஒரே ஒரு பரிசோதனையையும் பார்த்துவிட்டு, பலனுக்கு அத்தாட்சி இல்லை, ஆபத்துதான் இப்போதைக்குக் கனமாக இருக்கிறது என்றது. இவர்களால் முழு வாக்கியத்தில் சொல்ல முடிந்திருக்கிறது.

ட்ரிப்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தாய் போன் செய்தது அதற்காகத்தான். 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இ.டி.டி.ஏ. என்ற கீலேஷன் மருந்தை ஏற்றும்போது இறந்துபோனான். அந்த மருந்து ரத்தத்தில் இருந்த கால்சியத்தையும் பிடித்து இழுத்துவிட்டது. இதயம் நின்றுவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் டெக்சாஸில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அவளுக்கு ரத்தத்தில் ஈயம் இருந்தது, மருத்துவமனையில்தான் சிகிச்சை. ஆனால் எடிடேட் கால்சியம் டைசோடியம் கொடுக்க வேண்டிய இடத்தில் எடிடேட் டைசோடியம் போய்விட்டது. இரண்டும் இ.டி.டி.ஏ. வகைதான், பெயரில் ஒரு சொல் வித்தியாசம். முதலாவது ஏற்கெனவே கால்சியத்தோடு வருவது, இரண்டாவது ரத்தத்திலிருந்து கால்சியத்தைப் பறிப்பது. எல்லா வசதியும் உள்ள மருத்துவமனையிலேயே இந்தத் தவறு நடக்கும் என்றால், இரண்டு கட்டிலும் ஒரு ஃபேனும் உள்ள ஒரு கிளினிக்கில் எந்தப் பாட்டில் தொங்குகிறது என்று அந்த மூன்று வயதுப் பெண்ணின் தாய் எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்? இந்தச் சாவுகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006-லேயே வெளியிட்டுவிட்டது. எத்தனையோ ஆண்டு ஆகிவிட்டது.

தடுப்பூசியைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, அது உங்களுக்கு அலுத்துப்போன விஷயம். ஆனால் அந்த மூன்றாவது டிக்கின் விளைவாக என் மகனுக்கு அடுத்துப் போட வேண்டிய ஊசியை ஓராண்டு தள்ளிப்போட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். பாதரசம் கலந்த தைமரோசால் என்ற பாதுகாப்புப் பொருள் அமெரிக்காவின் குழந்தைத் தடுப்பூசிகளிலிருந்து 2001 வாக்கில் எடுக்கப்பட்டுவிட்டது, அதன் பிறகும் ஆட்டிச எண்ணிக்கை ஏறித்தான் போனது என்பதும், ஆட்டிசம் வரும் என்று எல்லோரும் பயப்படும் தட்டம்மை எம்.எம்.ஆர். ஊசியில் தைமரோசால் எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை என்பதும் எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டதும் தெரியாது. கீலேஷனுக்குப் போகும் வழியில் பெற்றோர் முதலில் கைவிடுவது தடுப்பூசியைத்தான். இது உங்களுக்குக் கவலை தர வேண்டும்.

இனி, நான் உங்களிடம் திரும்பி வந்த நாள். தோல் தடிப்பைக் காட்டி, இரண்டு சுற்று கொடுத்துவிட்டேன் என்றேன். "படிச்சவங்கதானே நீங்க?" என்றீர்கள். அவ்வளவுதான். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று கேட்கவில்லை. கேஸ் ஷீட்டில் 'ஒவ்வாமை' என்று எழுதிக் களிம்பு கொடுத்து அனுப்பினீர்கள். அந்த மருந்தின் பெயர் என் மகனின் எந்த மருத்துவப் பதிவிலும் இல்லை. என் போலக் கொடுத்துவிட்டு உங்களிடம் சொல்லாமலே இருக்கும் பெற்றோரை எனக்கு நேரில் தெரியும். திட்டு வாங்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? பிறகு நீங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும்போது, கீலேஷனால் கெட்டுப்போன கேஸ் என் கிளினிக்குக்கு வந்ததே இல்லை என்பீர்கள். வந்திருக்கிறது. களிம்பு வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

அந்த மருத்துவர் மேல் புகார் எழுதினேன். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. பெற்றோர் சம்மதக் கையெழுத்து இருக்கிறது, மருந்தும் அனுமதி பெற்றதுதான், எனவே மேல்நடவடிக்கைக்கு இடமில்லை. நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தேன். 'சில பக்கவிளைவுகள் ஏற்படக்கூடும்' என்று ஒரு வரி. ஐந்து வயதுப் பையனின் இதயம் நின்றது 'சில' என்பதற்குள் அடங்கிவிட்டது.

பெற்றோரின் விருப்பத்தை மதிக்கிறோம் என்பீர்கள். சரி. பெரியவர்களுக்கான ரத்த அழுத்த மாத்திரையை என் மகனுக்குக் கொடுக்கட்டுமா என்று நான் கேட்டிருந்தால், அது உங்க விருப்பம் என்று சொல்லியிருப்பீர்களா? எழுந்து நின்று கத்தியிருப்பீர்கள். ஆட்டிசம் என்று வரும்போது மட்டும் ஏன் இந்த மரியாதை? உங்களிடமும் கொடுப்பதற்கு மருந்து இல்லை என்ற கூச்சமா? இருந்தால் பரவாயில்லை, அந்தக் கூச்சம் எங்களுக்குப் புரியும். சக மருத்துவரைப் பற்றி எதிராகப் பேசக்கூடாது என்ற தயக்கமா? அதுதான் காரணம் என்றால் எனக்கு மன்னிக்க மனம் வரவில்லை.

ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுகிறேன். கீலேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண், பெயின்ட் துண்டு, சாவி என்று கண்டதை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு நிஜமாகவே ஈயம் ஏறலாம், ஆட்டிசக் குழந்தைகளில் அந்தப் பழக்கம் நீண்ட காலம் இருக்கிறது. அப்படி ஆபத்தான அளவுக்கு ஏறினால் அது அவசர சிகிச்சை, மருத்துவமனையில் நடக்க வேண்டியது. அதை நீங்கள் தேடிப் பார்க்காததால்தான் தேடுகிறேன் என்று சொல்பவரிடம் போகிறோம்.

நான் கேட்பவை இவை. ஆட்டிசம் என்று சொல்லும் அதே நாளில், கீலேஷன் என்ற சொல்லை நீங்களே முதலில் எடுங்கள். எப்படியும் ஒரு வாரத்தில் எங்கள் காதில் விழத்தான் போகிறது, யார் வாயிலிருந்து முதலில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கையில் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். அந்த 780 குழந்தைகளின் கதையும், மருந்து கொடுத்து எடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை ஏன் செல்லாது என்பதும் அதில் இருக்கட்டும், எங்களுக்குப் புரியும் மொழியில். குழந்தை எதையாவது சப்புமா, மெல்லுமா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் நீங்களே ரத்தத்தில் ஈயம் பார்த்துவிடுங்கள். ஒரு தாய் வண்ண ரிப்போர்ட்டை நீட்டினால் தயவுசெய்து கையில் வாங்குங்கள். 'ஆதாரம் இல்லை' என்பதை நிறுத்திவிட்டு 'செய்யாதீர்கள்' என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டு வருபவர்களைத் திட்டாதீர்கள். மருந்தின் பெயர், அளவு, நாள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ரத்த அணுக்களையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சோதியுங்கள், பக்கவிளைவைப் பதிவு செய்ய வேண்டிய இடத்தில் பதிவு செய்யுங்கள். உங்கள் சங்கங்களுக்கு: உலோக நஞ்சு என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியாகாத குழந்தைக்குக் கீலேஷன் கொடுப்பது மருத்துவ நெறிக்குப் புறம்பு என்று எழுத்தில் அறிவியுங்கள். அது வந்தால்தான் என் போன்றவர்களின் புகாருக்கு ஏழு மாதம் கழித்து வரும் பதில் வேறாக இருக்கும். முதல் ஆறு மாத இடைவெளியில் ஒருமுறையாவது போனில் கூப்பிட்டு, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்க ஒரு ஆளை வையுங்கள். மருத்துவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அந்த மூன்று வயதுப் பெண்ணுக்கு முதல் ட்ரிப்ஸ் வரும் வியாழக்கிழமை காலை. அவள் தாயிடம் நான் ஒன்றரை மணி நேரம் பேசினேன். "நீங்க சொல்றது புரியுதுங்க, ஆனா டாக்டரே வேண்டாம்னு சொல்லலையே" என்றார். உங்களில் யாரிடம் அந்தக் குழந்தை காட்டப்படுகிறதோ அவருக்கு: அந்தத் தாயின் எண் உங்கள் பதிவேட்டில் இருக்கும். புதன்கிழமை இரவுக்குள் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எட்டு வயதுப் பையனின் அம்மா